யாருமில்லாத கரை

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் தியாகராய நகரத்துக் குடும்பங்களில் ஒரு மகாநாடு கூடிவிடுகிறது. சென்ற தலைமுறையார் உதகமண்டலமா, கோடைக்கானலா என்று விவாதித்து முடிவுக்கு வராமல் கடைசியில் கும்பகோணத்து மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்தத் தலைமுறையாருக்கு மலை அலுத்துவிட்டது. அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா என்பதுதான் இப்போது கேள்வி. குழந்தைகள் ஒரு கட்சி. தாயார் ஒரு கட்சி. செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தகப்பனார் மௌனக் கட்சி.

இந்த ஆசையைக் கிளப்பிவிடுவது பிரயாண விளம்பரங்களில் வரும் ஒரு படம். நேயர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள். நீலக் கல்லைக் கரைத்து ஊற்றியது போன்ற நீர். சலித்து எடுத்த மாவைப் போன்ற மணல். கடலை எட்டிப் பார்க்கும் ஒற்றைத் தென்னை. படத்தின் முக்கியமான கவர்ச்சி அதில் இல்லாத ஒன்றில் இருக்கிறது. மனிதர் ஒருவரும் அதில் இல்லை. படம் பிடித்தவர் எங்கே நின்றார் என்று நாம் கேட்பதில்லை. அதே படத்தைப் பார்த்து அதே தனிமையை நாடி இன்னும் பதினாயிரம் பேர் அங்கே புறப்பட்டிருப்பார்களே என்றும் யோசிப்பதில்லை. அத்தனை பேரும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே தென்னை இருக்கும், தனிமை இராது.

ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கடற்கரையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை என்று நமக்குத் தோன்றவில்லை. கண்டுபிடித்த பிறகும் அது கெடாமல் இருக்கும்படி போய் வருவதுதான் வித்தை. அந்த வித்தையைப் பயில்வதற்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே அதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

மயிலாப்பூருக்கும் ஒரு தீவு

சென்னை நகரத்துக்குள்ளே தீவு உண்டு என்றால் பலர் கூவத்தின் நடுவே உள்ள தீவுத் திடலை நினைத்துக் கொள்வார்கள். தெற்கே சாந்தோமைத் தாண்டினால் இன்னொரு தீவு இருக்கிறது. அடையாற்றுக்கும் அதன் கழிக்கும் இடையே கிடக்கும் அந்த நிலத்துக்கு க்விபிள் தீவு என்று பெயர். அங்கே ஒரு கிறிஸ்தவ மயானம் இருக்கிறது. கழியின் ஓரத்தில் 58 ஏக்கர் நிலத்தைத் துப்புரவு செய்து 2011-ம் வருஷத்தில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் நீரும் நாணலும் திரும்பி வந்தன. அவற்றின் பின்னால் பறவைகளும் வந்தன.

அந்தத் தீவுக்கு அப்பால் கிழக்கே அடையாறு கடலில் கலக்கிறது. சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வரும் சின்ன நதி அது. கடலின் வாசற்படியில் வந்ததும் அதற்கு ஒரு தயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. மழை இல்லாத மாதங்களில் நீரில் வேகம் கிடையாது. அப்போது அலைகள் மணலை அள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் குவித்துக் கதவைச் சாத்திவிடுகின்றன. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை பெய்து வெள்ளம் வந்தால் நதி அந்தக் கதவை உடைத்துத் திறக்கிறது. ஆகையால் இங்குள்ள மணல் திட்டுக்களுக்கு நிலையான உருவம் கிடையாது. சென்ற தை மாதம் பார்த்த திட்டு இந்தத் தை மாதம் இராது. வேறோர் இடத்தில் வேறொன்று முளைத்திருக்கும். பட்டா வாங்க முடியாத பூமி!

மணல் ஏன் இப்படி அலைகிறது? நமது கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோரமாக மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் அது தெற்கே திரும்புகிறது. வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அவற்றின் தென்புறத்தில் தங்கிவிட்டது. மெரினா அவ்வளவு அகலமாக இருப்பதற்கு அதுவே காரணம். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரை அந்த மணல் கிடைக்காமல் அரிக்கப்பட்டது. ஓர் இடத்தில் கடலைத் தடுத்தால் இன்னோர் இடத்தில் அது பதில் சொல்கிறது. எந்தத் தீவுக்குப் போனாலும் இந்தப் பாடத்தை மறந்துவிடக் கூடாது.

உடைந்த பாலம்

எலியட்ஸ் கடற்கரை தனிமை தரும் இடமன்று. 29சி பஸ் கொண்டுவந்து இறக்கும் ஜனக் கூட்டமும், மிளகாய் பஜ்ஜியும், சுட்ட சோளமும், ராட்டினமும் சேர்ந்து அங்கே நித்தியத் திருவிழா. ஆனால் அங்கிருந்து கடலை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் காட்சி மெல்ல மாறுகிறது. கடைகள் நின்றுவிடுகின்றன. ஊரூர்க் குப்பமும் ஆல்காட் குப்பமும் வருகின்றன. அவற்றையும் கடந்தால் இடப்பக்கம் பிரும்ம ஞான சபையின் தோப்பு. 1882-ம் வருஷத்தின் இறுதியில் அந்தச் சபையார் அடையாற்றில் குடியேறி வளர்த்த மரங்கள் கடற்காற்றில் அசைந்துகொண்டிருக்கின்றன. முன்னால் நதி. நதியின் மேல் பாதியில் நின்றுபோன ஒரு பாலம்.

ஆற்றின் இரு கரையிலும் உள்ள மீனவர்கள் போக்குவரத்துச் செய்வதற்காக 1967-ல் இந்தப் பாலத்தைக் கட்டினார்கள். பத்து வருஷம் நதி பொறுத்திருந்தது. 1977-ல் வெள்ளத்தின் வேகத்தில் பாலத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அதன் பிறகு யாரும் அதை ஒட்டுப் போடவில்லை. பாலத்தை மறுபடியும் கட்டி, சாந்தோமையும் பெஸன்ட் நகரையும் சாலையால் இணைக்க வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. மணலின் மேலேயே தூண்களை நிறுத்தி உயர்சாலை போட வேண்டும் என்ற திட்டம் எழுந்தபோது மீனவர் குப்பங்கள் கடுமையாக எதிர்த்தன. கடலோரத்தில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்பதற்கு 1991-ம் வருஷம் முதல் மத்திய சர்க்காரின் விதிகளும் இருந்து வருகின்றன.

பாலம் இருந்திருந்தால் நமக்குப் பத்து நிமிஷம் மிச்சமாகியிருக்கும் என்பது வாஸ்தவம். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கொடுத்திருக்கக் கூடிய விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு இந்த முகத்துவாரத்தில் விடியற்காலையில் ஒருவன் தன் மூச்சுக் காற்றின் ஓசையைக் கேட்க முடிகிறது என்றால், சாலை வந்து சேராததே அதற்குக் காரணம். உலகத்தில் எஞ்சியிருக்கும் தனிமைக் கரைகளில் பெரும்பாலானவை இப்படிப் பாதை சரியில்லாததால் பிழைத்தவையே.

உடைந்த பாலத்தின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதில் இளைஞர்களுக்கு ஆசை அதிகம். அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. காலத்தால் நைந்த கட்டடம் யாருடைய வாலிபத்தையும் பார்த்து இரக்கம் காட்டாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் சில சமயம் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நதியைக் குறைகூறுவதற்கு முன்னால் அது எதைச் சுமந்துகொண்டு வருகிறது என்று கேட்டால், சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாற்றிலும் உள்ள நம் வீட்டுச் சாக்கடை நீரைத்தான். 2015-ம் வருஷம் டிசம்பரில் அதே நதி கரை புரண்டு அந்த வீடுகளுக்குள் புகுந்ததையும் ஊர் மறந்துவிடவில்லை.

கரைக்குச் சொந்தக்காரர்கள்

யாருமில்லாத கரை என்று நாம் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். சற்று நேரம் அசையாமல் நின்றால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வெளிப்படுவார்கள்.

முதலில் நண்டுகள். மணல் நிறத்திலேயே இருக்கும் அவை, காலடிச் சத்தம் அடங்கியதும் வளையிலிருந்து தலையை நீட்டுகின்றன. மேட்டு மணலில் அடப்பங்கொடி படர்ந்து ஊதா நிறப் பூக்களைப் பூத்திருக்கிறது. சங்கப் புலவர்கள் நெய்தல் திணையில் பாடிய அடும்பு இதுதான். பக்கத்தில் முள்முள்ளாக உருளும் இராவணன் மீசை. இந்த இரண்டும் மணலை வேரால் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றன. நீட்டி உட்கார இடம் வேண்டும் என்று இவற்றை மிதித்து அழித்தால், அடுத்த காற்றில் மணல் மேடு கலைந்து போகும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து இந்தக் கரைக் குப்பங்களில் அழிவை விளைவித்த பிறகு, மணல் மேட்டின் மதிப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு பறவைகள். குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து வெகுதூரம் பறந்து வரும் உள்ளான்களும் ஆலாக்களும் இந்தத் திட்டுக்களில் இரை தேடுகின்றன, களைப்பாறுகின்றன. நாய் ஒன்றை ஏவியோ, குழந்தையை ஓடவிட்டோ கூட்டத்தைக் கிளப்பி அது வானத்தில் வட்டமிடும் அழகைப் படம் எடுப்பவர்கள் உண்டு. ஆயிரக் கணக்கான மைல் பறந்து வந்த விருந்தாளியை இலையிலிருந்து எழுப்பிவிடும் காரியம் இது. தரையிலேயே முட்டையிடும் ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேல் கூச்சலிட்டு வட்டமிட்டால், அதன் பொருள் நம்முடைய அடுத்த அடியில் அதன் குடும்பம் இருக்கிறது என்பதே. வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

முக்கியமான சொந்தக்காரர்கள் மீனவர்கள். நமக்கு உல்லாச நேரமாக இருக்கும் விடியற்காலை அவர்களுக்குக் காரியாலய நேரம். மணலில் விரித்திருப்பது அவர்களுடைய வலை. கவிழ்த்து வைத்திருப்பது அவர்களுடைய பிழைப்பு. வலையைச் செருப்புக் காலால் தாண்டுவதை அவர்கள் அவமரியாதையாகக் கருதுகிறார்கள். நியாயந்தானே? நம் வீட்டுப் பூஜை அறை வழியாக ஒருவர் செருப்போடு குறுக்கே நடந்து போனால் நாம் சும்மா இருப்போமா? கேட்காமல் படகின் மேல் உட்காருவதும், மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்களை வேடிக்கைப் பொருளாக எண்ணிப் படம் பிடிப்பதும் அதே வகையைச் சேர்ந்தவை.

அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் லாபம் நமக்கே. நீரோட்டம் போகும் திசையையும் காற்று வரும் திசையையும் கொண்டு அவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். “பெரியவரே, இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது?” என்று வணக்கமாகக் கேட்டுப் பார்க்கலாம். “இன்னிக்கு இழுப்பு ஜாஸ்தி, சாமி. கால் நனைக்கிறதோட நிறுத்திக்குங்க” என்று பதில் வந்தால், அதற்கு மேல் எந்தப் பஞ்சாங்கமும் பார்க்க வேண்டியதில்லை.

எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம் இதற்கு ஒரு சாட்சி. 1930-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர் நீத்த ஷ்மிட் என்ற டென்மார்க் தேசத்து மாலுமியின் ஞாபகமாக எழுந்தது அது. கடலே தொழிலாகக் கொண்டவன் கடலில் போனான் என்பதை அதன் நிழலில் சுண்டல் சாப்பிடும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் இன்னமும் ஆண்டுதோறும் இளம் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

பழைய மரியாதை

கடலிடம் மரியாதை என்பது தமிழ் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய விஷயமன்று. மயிலையில் மாசிக் கடலாட்டு விழா நடந்ததைத் திருஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் குறித்திருக்கிறார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம். சேது தவிர மற்ற இடங்களில் பர்வ தினத்தில் அன்றிக் கடலைத் தொடலாகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குச் சாஸ்திர காரணம் எதுவாயினும் இருக்கட்டும். எல்லா நாளும் எல்லாரும் போய்க் கலக்காமல் கடலுக்கும் ஓய்வு கொடுத்தார்கள் என்பது அதன் பலன்.

இரவில் வரும் விருந்தாளி

தை மாதம் தொடங்கிப் பங்குனி வரையில் நமது கரைக்கு ஒரு விருந்தாளி வருகிறாள். அவள் வரும் மாதத்தின் பெயரையே வைத்து மீனவர்கள் அவளைப் பங்குனி ஆமை என்று அழைக்கிறார்கள். நள்ளிரவில் அலையிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து, அலை எட்டாத மேட்டில் பின்னங்கால்களால் ஒரு குடம் போன்ற குழியைப் பறித்து, அதில் சுமார் 100 முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறாள். முட்டையை அடைகாப்பது மணலின் உஷ்ணம். குஞ்சு ஆணா, பெண்ணா என்று தீர்மானிப்பதும் அந்த உஷ்ணந்தான். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

வெளிவந்த குஞ்சுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. இருட்டில் எது அதிக வெளிச்சமாகத் தெரிகிறதோ அதுதான் கடல் என்பது அதன் பிறவி ஞானம். கடலின் மேல் நட்சத்திரமும் நிலாவும் தவிர வேறு வெளிச்சம் இல்லாதிருந்த காலத்தில் அந்த ஞானம் தவறவில்லை. இன்றைக்கோ கரைப் பக்கத்தில் நம்முடைய மின்சார விளக்குகள் ஜொலிக்கின்றன. குஞ்சுகள் சாலையைக் கடலென்று எண்ணி நகரத்தை நோக்கி நடக்கின்றன. விடியும்போது காக்கையும் நாயும் காத்திருக்கின்றன.

இதைக் கண்டு பொறுக்காமல் சென்னை மாணவர்கள் 1988-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்பது அது. பருவ காலத்தில் இரவு முழுவதும் நீலாங்கரையிலிருந்து பெஸன்ட் நகர் வரையில் மணலில் நடந்து, முட்டைக் குழிகளைக் கண்டு, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். ஒரு தலைமுறை மாணவர் குடும்பஸ்தர் ஆகிவிட்டார். அடுத்த தலைமுறை நடக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுஜனங்களையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு.

அந்த நடையில் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது விளக்கை அணைப்பது. இரண்டாவது பேச்சை நிறுத்துவது. மூன்றாவது, நான்கு மணி நேரம் நடந்தும் ஓர் ஆமையைக்கூடப் பார்க்காமல் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புவது. மூன்றாவதைக் கற்றுக்கொண்டவர் எந்தத் தீவுக்கும் போகத் தகுதி பெற்றவர் என்பது நமது அபிப்பிராயம்.

துயரமான சேதியும் ஒன்று உண்டு. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் இழுக்கும் மடிவலையில் சிக்கினால் மூச்சு முட்டி இறந்துபோகிறது. 2025-ம் வருஷத் தொடக்கத்தில் சென்னையை அடுத்த கரைகளில் நூற்றுக் கணக்கான ஆமைகள் பிணமாக ஒதுங்கின. முட்டையிட வந்த தாய்மார்கள் அவர்கள்.

தீவில் ஒரு தனி மனிதர்

ஆமைகளைத் தேடி இரவில் நடக்கும் இந்த வழக்கத்தைச் சென்னையில் தொடங்கி வைத்தவர்கள் 1970-களில் கிண்டிப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சில வாலிபர்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவரைக் கடல் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு அவர் இந்தியாவின் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் காலால் நடந்து, ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று கணக்கெடுத்தார். லட்சத்தீவு, அந்தமான், நிகோபார் என்று அவர் கால் படாத ஆமைக் கரைகள் சிலவே.

1982-ல் அவர் லட்சத்தீவைச் சேர்ந்த சுஹேலி என்ற தீவுக்குப் போனார். அங்கே நிலையான குடிகள் இல்லை. பச்சை ஆமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் எந்தப் படகும் போக முடியாது. ஆகையால் மழைக்கு முன்னால் போய் இறங்கி, மழை ஓயும் வரை பல மாதங்கள் தன்னந்தனியாகத் தங்கினார். அரிசியும் பருப்பும் கூட இருந்தன. நோட்டுப் புத்தகம் இருந்தது. பேசுவதற்கு ஒருவரும் இல்லை.

ஜூலை மாதத்தில் தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, அதைச் சீசாவில் அடைத்து அலையில் விட்டார். நீரோட்டம் அதைத் தெற்கே கொண்டுபோய் இலங்கைக் கரையில் சேர்த்தது. அங்கே அதைக் கண்டெடுத்த மீனவர் ஒருவர் தம் செலவில் தபால் தலை ஒட்டி, தாமும் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். சுமார் 800 கிலோமீட்டர் கடந்து வந்த சீசா! கடலில் விட்ட 24-ம் நாள் கடிதம் அந்த அம்மாளின் கையில் இருந்தது. சாதாரணத் தபாலே சில சமயம் அதைவிடத் தாமதமாக வருவதை நேயர்கள் அறிவார்கள்.

சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார். நீலமும் வெள்ளையும் தென்னையுமாக விளம்பரப் படத்தில் இருக்கும் அதே கரையில் அவர் மாதக் கணக்கில் இருந்தார். அங்கே அவர் விட்டு வந்தது காலடித் தடங்களைத்தான். அவற்றையும் அடுத்த அலை அழித்துவிட்டது. கொண்டு வந்தது கணக்கு. அந்தக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு பிறகு பல கரைகளில் ஆமைகளுக்குக் காவல் ஏற்பட்டது.

போகும் தீவும் போகாத தீவும்

அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் ஆசைப்படும் தமிழர்களில் பலர், நம் மாகாணத்திலேயே தீவுக் கூட்டம் ஒன்று இருப்பதை நினைப்பதில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. சுற்றிலும் பவளப் பாறை. கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு வாழும் நீர் அது. பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவில் 1920-களிலேயே விஞ்ஞானிகள் ஆராய்ச்சி நடத்தி, ஜீவராசிகளின் பெருக்கத்தைக் கண்டு அதிசயித்தார்கள். 1986-ல் இந்தத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாகச் சர்க்கார் பிரகடனம் செய்தார்கள்.

அந்த 21-ல் இரண்டு தீவுகளின் பெயரைத்தான் இப்போது சொல்ல முடியும். காலால் மிதிக்க முடியாது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் அவ்விரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டி வெட்டி எடுத்ததால், அலையைத் தாங்கும் அரண் இல்லாமல் போயிற்று. அலை கரைத்துவிட்டது. ஒரு தீவைக் கொல்வதற்குப் பீரங்கி தேவையில்லை. ஆளுக்கு ஒரு கூடையாக எடுத்துக்கொண்டு போனால் போதும். ஞாபகார்த்தமாக ஒரே ஒரு பவளத் துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரும் பிரயாணியும் அந்தக் கூடைக்காரரின் உறவினரே. பவளத்தை எடுப்பது இப்போது சட்டப்படியும் குற்றம்.

இந்தத் தீவுகளில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இறங்கலாகாது. லட்சத்தீவுக்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் தொந்தரவு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். பிறர் வீட்டுக்குப் போகும்போது கதவைத் தட்டுவது தொந்தரவா?

தட்டக்கூடத் தகாத கதவும் உண்டு. அந்தமானைச் சேர்ந்த வடக்குச் சென்டினல் தீவின் மக்கள் வெளியாரை விரும்புவதில்லை. நம்மிடம் உள்ள சாதாரண ஜலதோஷம் அவர்களுக்குக் கொள்ளை நோயாகலாம். 1956-ம் வருஷத்துப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அங்கே போவது தடுக்கப்பட்டிருக்கிறது. 2018-ல் அதை மீறிப் போன ஓர் அமெரிக்க வாலிபர் திரும்பவில்லை. உலகத்தில் சில கரைகளுக்கு நாம் செய்யக் கூடிய உத்தமமான மரியாதை அங்கே போகாமல் இருப்பதே.

பிரயாணிக்குச் சில வார்த்தைகள்

தனிமைக் கரையை நாடுகிறவர்கள் இடத்தைத் தேடுவதைவிட நேரத்தைத் தேடுவது சுலபம். மெரினாவுக்கே கூட்டமில்லாத நேரம் ஒன்று உண்டு. சூரியோதயத்துக்கு அரை மணி முன்னால், வார நாளில், நாலு பேருக்கு மேற்படாமல் போய்ப் பாருங்கள். முகத்துவாரத்துக்குப் போவதானால் வெளிச்சம் வந்த பிறகு குப்பத்தின் வழியே மரியாதையாக நடந்து, கேட்டுக்கொண்டு போக வேண்டும். நதியும் கடலும் கலக்கும் இடத்தில் நீரில் இறங்கவே கூடாது. அங்கே இழுப்பும் சுழலும் கண்ணுக்குத் தெரியாது. பிரும்ம ஞான சபையின் தோப்புக்குள் போக வேண்டுமானால், அவர்கள் பொதுஜனங்களுக்கு என்று விட்டிருக்கும் நேரத்தில் வாசல் வழியாகப் போக வேண்டும்.

கட்டுச்சாதம் கொண்டு போகலாம். வாழையிலையில் கட்டியது விசேஷம். பாலிதீன் பையும் தண்ணீர்ச் சீசாவும் போன கையோடு திரும்பி வர வேண்டும். வழியில் கிடக்கும் பிறருடைய சீசா இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் புண்ணியமும் உண்டு. குழந்தைகள் கிளிஞ்சல் பொறுக்குவதைத் தடுக்க மனம் வராது. பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடும்படி சொல்லிக் கொடுக்கலாம். காலியான சங்கு என்று நாம் நினைப்பது முனிவன் நண்டு ஒன்று குடிபுகக் காத்திருக்கும் வீடாயிருக்கும். சென்னையில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா?

கடைசியாக ஒன்று. அபூர்வமான ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அதை உலகத்துக்கெல்லாம் அன்றைய தினமே படத்தோடு பறைசாற்ற வேண்டும் என்ற துடிப்பு உண்டாவது இயற்கை. இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வலையைச் சுற்றிப் போகத் தெரிந்த ஒரு சிநேகிதருக்கு மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் முதல் தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரிய தீவுகளுக்குப் பணம் சேரும்போது போய் வரலாம். வருகிற தை மாதத்தில் ஒரு நாள், பால்காரர் வருவதற்கு முன்னால் எழுந்து, அடையாற்று மணலில் அரை மணி நேரம் நடந்து பார்ப்பதற்குப் பஸ் சீட்டுக் காசு போதும்.